தண்டோரா நம் தலையில், மைக் யார் கையில்?

2021 ஜூலை 19 அன்று சேப்பாக்கத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் ஐந்தாவது தொடர் தொடங்கியது. தொலைக்காட்சி வர்ணனையில் விருந்தினராகச் சேர்ந்தவர் சுரேஷ் ரெய்னா. வடக்கிலிருந்து வந்த நீங்கள் சென்னைப் பண்பாட்டோடு எப்படி இவ்வளவு ஒட்டிக்கொண்டீர்கள் என்று அவரிடம் கேட்கப்பட்டது. தானும் ஒரு பிராமணன்தான் என்று தொடங்கி, 2004 முதல் சென்னையில் ஆடுவதையும், இந்தப் பண்பாடு தனக்குப் பிடித்திருப்பதையும் சொன்னார் ரெய்னா. சமூக ஊடகங்களில் சில நாட்கள் கொதிப்பு இருந்தது. பிறகு அடங்கிவிட்டது.

அவர் சொன்னதன் மீது கோபப்படுவது எளிது. சென்னைப் பண்பாடு என்றால் ஒரு சாதியின் பண்பாடு என்று ஒரு கிரிக்கெட் வீரர் பதினேழு ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தால், அவர் பழகிய சென்னை எது என்று நாம் கேட்க வேண்டும். அவர் சேரியில் வந்து தங்கவில்லை. சேப்பாக்கத்தில் ஆடினார், நட்சத்திர ஓட்டல்களில் தங்கினார், கிளப் ஆட்களோடும் நிர்வாகிகளோடும் வர்ணனையாளர்களோடும் பழகினார். அந்த அறைகளில் பார்த்ததைத்தான் அவர் சென்னை என்று புரிந்துகொண்டிருக்கிறார். ஒரு வகையில் அவர் உண்மையைத்தான் சொல்லிவிட்டார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்த அறைக்குள் யார் போகிறார்கள், எந்த வழியாகப் போகிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். எழுதக் காரணம் ரெய்னா அல்ல. செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் பக்கத்து மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விதான். "அண்ணே, டி.வி.யில மேட்ச் கமென்ட்ரி சொல்லணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்கிறார்கள். நைட்டி தைக்கும் வீடுகளிலிருந்தும், மில்லுக்கு ஷிப்ட் போகும் வீடுகளிலிருந்தும் வருகிற பிள்ளைகள். என்ன படிப்பது என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். போன தலைமுறைகளில் யார் எப்படிப் போனார்கள் என்று தெரியாமல் அந்த ஒரு வரிக்கு மதிப்பில்லை.

கிரிக்கெட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் முன்பே நம் ஊர்களில் அறிவிப்பு என்று ஒரு தொழில் இருந்தது. அதிலிருந்து தொடங்குவோம்.

ஊருக்குச் சொல்வது சாதி வேலை. கண்மாய் மீன் ஏலமோ, வரி கட்டச் சொல்வதோ, கிராமசபையோ, சாவோ, எதுவானாலும் பறையையோ தமுக்கையோ தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொல்ல வேண்டியவர் சேரியைச் சேர்ந்தவர். எந்த முக்கில் நின்றால் எத்தனை வீட்டுக்குக் கேட்கும், எவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் மனதில் நிற்கும், எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. இன்றைக்கு ஊடகக் கல்லூரிகளில் பணம் கட்டிப் படிப்பது இதைத்தான். ஆனால் அந்தத் திறமையைத் திறமை என்று ஊர் ஒருநாளும் சொன்னதில்லை. அது கடமை, இழிதொழில், கூப்பிட்டால் வர வேண்டிய வேலை. அந்தக் குரல் ஊர்த் தெருவுக்குள் போகலாம், அந்த ஆள் திண்ணையில் உட்கார முடியாது.

2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு தண்டோரா போடுவதற்குத் தடை விதித்து மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது, வண்டிகளில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்பது அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தடை சரியானது. இன்னும் பல ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டியது. நாம் அதை வரவேற்றோம். ஆனால் ஒலிபெருக்கி தமிழ்நாட்டுக்கு வந்தது 2022-ல் அல்ல. மைக்கும் வானொலியும் தொலைக்காட்சியும் வந்து, ஊருக்குச் சொல்கிற வேலை சம்பளமும் மரியாதையும் உள்ள வேலையாக மாறிப் பல தலைமுறை ஆகிவிட்டது. அந்த மாற்றத்தின்போது பழைய அறிவிப்பாளரை யாரும் கூப்பிடவில்லை. தோலைத் தட்டுகிற வரைக்கும் அது நம் தலையில் இருந்தது. மின்சாரம் வந்ததும் கை மாறிவிட்டது.

இந்தியாவில் கிரிக்கெட்டின் நேர்முக வர்ணனை வானொலியில் கேட்கத் தொடங்கியது 1934-ல், பம்பாயில். குரல் ஏ.எஃப்.எஸ். தல்யார்கான், பார்சி சமூகத்தவர். ஆட்டம் நடந்தது மத வாரியாக அணிகள் பிரிந்து ஆடிய பம்பாய்ப் போட்டித் தொடரில். இந்துக்கள் ஓர் அணி, முஸ்லிம்கள் ஓர் அணி, பார்சிகள் ஓர் அணி, ஐரோப்பியர் ஓர் அணி. ஆக, நம் நாட்டில் மைக் முதலில் பார்த்த கிரிக்கெட்டே சமூகம் பிரித்து ஆடப்பட்ட கிரிக்கெட்.

அதே தொடரில் சில ஆண்டுகள் முன்புவரை இந்துக்கள் அணிக்காகப் பந்து வீசியவர் பல்வாங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் ஐரோப்பியர்களின் கிளப்பில் ஆடுகளம் பராமரிக்கும் வேலை பார்த்துக்கொண்டே, அங்கே பயிற்சிக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குப் பந்து வீசிப் பந்துவீச்சைக் கற்றார். அணியில் எடுத்துக்கொண்ட பிறகும், தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே மண் குவளை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் கேப்டன் பதவி அவருக்குத் தரப்படவில்லை. 1920-ல் அவரது தம்பிகள் சிவராமும் விட்டலும் இதை எதிர்த்து அணியிலிருந்து விலகிய பிறகுதான் பாலு துணைக் கேப்டன் ஆனார். 1923-ல் விட்டல் கேப்டன் ஆனார். இளம் அம்பேத்கர் பாலுவைப் போற்றியவர். 1937 தேர்தலில் அதே பாலு காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அந்தக் கசப்பையும் மறைக்கத் தேவையில்லை.

பாலு ஆடிய நாட்களில் வானொலி வர்ணனை கிடையாது. அவரது பந்து எப்படித் திரும்பியது என்று சொல்ல ஒரு குரலும் பதிவாகவில்லை. ராமச்சந்திர குஹா பழைய செய்தித்தாள்களைத் தோண்டி எழுதியதால்தான் இன்று நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. சொல்கிறவர் இல்லையென்றால் 114 விக்கெட்டும் காற்றோடு போய்விடும்.

சென்னைக்கு வருவோம். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-ல் ஐரோப்பியர்களுக்காகத் தொடங்கப்பட்டது. அங்கே இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை. அந்த அவமானத்தைப் பொறுக்காத புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். மெட்ராஸ் கிரிக்கெட்டின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். நியாயமான பெயர்தான். ஆனால் அந்தக் கிளப் வசதியுள்ள இந்தியர்களின் கிளப். வெள்ளைக்காரன் வெளியே நிறுத்தினால் அவமானம் என்று உணர்ந்தவர்கள், தாங்கள் வெளியே நிறுத்தியவர்களைப் பற்றி அதே அளவுக்கு யோசித்ததாகச் சென்னைக் கிரிக்கெட்டின் பிந்தைய வரலாறு காட்டவில்லை. கிளப், கல்லூரி, பிறகு நிறுவனங்கள் நடத்தும் லீக் அணிகள் என்று அந்த வழி நூறு ஆண்டுகளாகச் சில சுற்றுவட்டங்களுக்குள்ளேயே ஓடியது. 2014-ல் சுசீந்திரன் 'ஜீவா' படத்தில் இதை வெளிப்படையாகப் பேசியபோது பலர் அதிர்ந்தார்கள். தென்மாவட்டத்துப் பையன்கள் அதிரவில்லை.

இந்தக் கிளப் வழிக்கும் மைக்குக்கும் உறவு சீக்கிரமே ஏற்பட்டுவிட்டது. 1954-55-ல் மெட்ராஸ் முதல்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அணித் தலைவராக இருந்தவர் பாலு அழகணன். பிறகு அவரே வானொலியில் ஆங்கில வர்ணனையாளரானார். ஆடியவர் பேசுவது, அதுவும் ஆங்கிலத்தில் பேசுவது என்ற வழி அங்கே தெரிகிறது.

தமிழ் வர்ணனை வேறு வழியில் வந்தது. இந்தப் பகுதி எங்களுக்குப் பிடித்தமானது. அகில இந்திய வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை சொல்லிப் பெயர் பெற்றவர்களில் இருவர், கூத்தபிரானும் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும். கூத்தபிரான் 'வானொலி அண்ணா'வாகச் சிறுவர் நிகழ்ச்சிகள் நடத்தியவர், நாடகக்காரர். ஜப்பாரும் வானொலி நாடகக் குரல்தான். 2020 டிசம்பரில் காலமானார். இருவரும் பெரிய கிரிக்கெட் வீரர்களாக இருந்து மைக்குக்கு வந்தவர்கள் அல்ல. குரல் இருந்தது, மொழி இருந்தது, ஆட்டம் தெரிந்திருந்தது. தென்கோடிச் சாத்தான்குளத்தின் பெயரைத் தன் பெயரோடு சுமந்த ஒரு முஸ்லிம், கிரிக்கெட்டைத் தமிழாக்கி வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது. பந்து வீச்சாளர், மட்டையாளர், எல்லைக்கோடு என்று இன்றைக்கு நாம் யோசிக்காமல் சொல்லும் சொற்களைக் காதுக்குப் பழக்கியவர்கள் இவர்களைப் போன்ற வானொலிக்காரர்கள். டீக்கடை வானொலிக்குக் கீழே நின்று கேட்டவர்களுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை, டிக்கெட்டும் தேவைப்படவில்லை.

வானொலியை நாம் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அது அரசு நிறுவனம் என்பதால் நிரந்தரப் பணிகளில் இடஒதுக்கீடு இருந்தது. வர்ணனையாளர்கள் அந்தப் பணியாளர் கணக்கில் வருவதில்லை. குரல் தேர்வு வைத்து, பட்டியலில் சேர்த்து, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் கூப்பிடுவார்கள். எழுத்தர் வேலைக்கு ஒதுக்கீடு, குரலுக்கு இல்லை. ஆனாலும் அது ஒரு கதவு. விண்ணப்பிக்கலாம், தேர்வுக்குப் போகலாம், நாடறிந்த கிரிக்கெட் வீரராக இருந்திருக்க வேண்டியதில்லை. வானொலியில் இன்னொன்றும் உண்டு. முகம் தெரியாது.

தொலைக்காட்சி முகத்தைக் கேட்டது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. 1982-ல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு உலகக் கோப்பை வெற்றி. கிரிக்கெட் என்றால் திரை என்று ஆனது அந்த ஆண்டுகளில்தான்.

அதே 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் ஒரு 17 வயதுச் சென்னைப் பையன் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடத் தொடங்கினார். அன்றைக்கு இந்தியாவின் மிக இளைய டெஸ்ட் வீரர், லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன். 1984-ல் பம்பாய் டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறாக 12 விக்கெட். 1985-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அவரது லெக் ஸ்பின் இந்தியாவின் வெற்றிக்குப் பெரிய காரணம். ஆனால் 9 டெஸ்ட், 26 விக்கெட்டோடு டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது. கடைசி டெஸ்டின்போது அவருக்கு வயது 20. பல ஆண்டுகள் கழித்து, 2000 நவம்பரில், வங்கதேசத்தின் முதல் டெஸ்டில் தொலைக்காட்சி வர்ணனையாளராகத் தொடங்கினார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குரல் உலகம் முழுக்கக் கேட்டது. ஆட்டக்காரராகக் கிடைத்ததைவிட நீண்ட வாழ்க்கை மைக்கில் கிடைத்தது.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்பிய தொலைக்காட்சி விளையாட்டு ஒளிபரப்பாளரின் பாதைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் குறைவு. முதலில் சென்னை லீக், பிறகு மாநில அணி, பிறகு இந்தியத் தொப்பி, பிறகு ஆங்கிலம், அதன்பிறகு மைக். இந்தப் படிகளில் ஒன்று குறைந்தாலும் மேலே போவது கடினம்.

அவ்வளவு படிகளும் ஏறியவருக்கும் என்ன நடந்தது என்று பாருங்கள். 2021 நவம்பரில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கிளப்பில் தான் பட்ட இனவெறியை அஸீம் ரஃபீக் உடைத்துப் பேசிய நாட்களில், சிவராமகிருஷ்ணன் ட்விட்டரில் எழுதினார். வாழ்நாள் முழுக்க நிறத்துக்காகத் தன்னைப் பாகுபடுத்தினார்கள் என்றும், அது நம் சொந்த நாட்டிலேயே நடந்தது என்றும் சொன்னார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2017 ஆகஸ்டில், டெஸ்ட் வீரர் அபினவ் முகுந்த் தன் தோல் நிறத்தைக் கேலி செய்பவர்களுக்குப் பதிலாக ஒரு நீண்ட குறிப்பு வெளியிட்டிருந்தார். அவரும் இன்று வர்ணனையாளர்.

நிறமும் சாதியும் ஒன்றல்ல. இதை நம் தோழர்கள் அடிக்கடி கலந்துவிடுகிறார்கள். கறுப்பாக இருக்கும் ஆதிக்கச் சாதிக்காரரும் உண்டு, சிவப்பாக இருக்கும் தலித்தும் உண்டு. சிவராமகிருஷ்ணன் பட்டது நாம் படுவது அல்ல. ஆனால் இந்தத் திரை எந்த முகத்தை விரும்புகிறது என்பதற்கு அவர்கள் இருவரும் உள்ளிருந்து சாட்சி சொல்லிவிட்டார்கள். இந்தியத் தொப்பி அணிந்தவருக்கே நிறம் சுமை என்றால், தொப்பியும் இல்லாமல், ஆங்கிலமும் தடுமாறி, தெருப் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் ஊரிலிருந்து போகிற பெண்ணை அந்தத் திரை எப்படிப் பார்க்கும்?

இனி பணத்துக்கு வருவோம். 1993 ஹீரோ கோப்பை ஒளிபரப்பு உரிமையை வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது வங்காளக் கிரிக்கெட் சங்கம். தூர்தர்ஷனும் மத்திய அரசும் எதிர்த்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1995 பிப்ரவரி 9-ல் தீர்ப்பு வந்தது. பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகிய மூன்று நீதிபதிகள். அலைக்கற்றை பொதுச்சொத்து, அது அரசின் ஏகபோகமாக இருக்கக் கூடாது என்று சொன்னார்கள். சட்டம் படிக்கும் தோழர்கள் இந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும். குறிப்பாக ஜீவன் ரெட்டி தனியாக எழுதிய பகுதியை. ஏகபோகம் அரசிடம் இருந்தாலும் தனியாரிடம் இருந்தாலும் ஆபத்து என்ற கவலை அதில் இருக்கிறது. நடந்ததோ, முதல் பாதியை மட்டும் நாடு எடுத்துக்கொண்டது. அரசின் பிடி போனது, சந்தையின் பிடி வந்தது.

2018 முதல் 2022 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 16,347.5 கோடி ரூபாய்க்குப் போனது. அடுத்த ஐந்தாண்டுக்கு எல்லாம் சேர்த்து 48,390 கோடி. இவ்வளவு பணத்தை ஆங்கிலம், இந்தி மட்டும் தெரிந்த பார்வையாளர்களை வைத்து மீட்க முடியாது. எனவே தமிழ் வந்தது. 2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கியது. ஸ்ரீகாந்த், பதானி, பத்ரிநாத், ஆர்.ஜே. பாலாஜி, பாவனா என்று குரல்கள் வீட்டுக்குள் வந்தன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அவர்களை ரசிக்கிறார்கள், நாங்களும் ரசிக்கிறோம். ஸ்ரீகாந்த் பேசினால் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

தமிழ் ஒளிபரப்பு வெற்றி பெற்றதும், இது எளிய மக்களின் மொழிக்குக் கிடைத்த வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. பாதி உண்மை. பெட்டிக்குள் போனது மொழி. அந்த மொழியைப் புழுதியில் பேசி வளர்த்தவர்கள் பெரும்பாலும் போகவில்லை. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த அதே கிளப் வட்டம் தமிழிலும் பேசத் தொடங்கியது. கூடவே சினிமாவிலிருந்தும் பண்பலையிலிருந்தும் சிலர் வந்தார்கள். இடஒதுக்கீடு பற்றி இங்கே பேச்சே கிடையாது. அரசமைப்பின் 16(4) அரசுப் பணிகளோடு நின்றுவிடுகிறது. தனியார் கல்விக்கு 15(5) வந்தது. தனியார் வேலைக்கு எதுவும் வரவில்லை. எங்கள் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் இன்று தனித் தொகுதி. அதற்கு முன் ராஜபாளையம் தனித் தொகுதியாக இருந்தது. தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனி. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பேச நம்மவர் ஒருவர் போயே ஆக வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. ஒரு கபடி ஆட்டத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் பேச நம்மவர் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

செய்தி ஊடகத்தில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1996-ல் பி.என். உனியால் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிப் பார்த்து, ஒருவரும் அகப்படவில்லை என்று எழுதினார். 2019-ல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, தாங்கள் பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106-ல் முற்பட்ட சாதியினர் இருப்பதாகவும், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை என்றும் சொன்னது. விளையாட்டு ஒளிபரப்புக்கும் இப்படி ஒரு கணக்கெடுப்பு வேண்டும். ஆய்வுத் தலைப்பு தேடும் முதுகலை மாணவர்கள் கவனிக்கவும்.

ஆள் இல்லை, திறமை இல்லை என்று யாராவது சொன்னால் அவர்களைப் பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கம் கூட்டி வர வேண்டும். கோயில் பொங்கலை ஒட்டி 'மாபெரும் மின்னொளி கபடி' போஸ்டர் ஒட்டாத ஊர் இங்கே குறைவு. ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கி விடிகிற வரை நடக்கும். மைக் பிடிப்பவர் ஒருவரே. ஸ்கோர் சொல்ல வேண்டும், ரைடர் பெயர் சொல்ல வேண்டும், அடுத்த அணியைக் கோட்டுக்குப் பக்கத்தில் தயாராக நிற்கச் சொல்ல வேண்டும், காணாமல் போன குழந்தையின் சட்டை நிறம் சொல்ல வேண்டும், நடுவில் நன்கொடை தந்தவர் பெயரையும் வாசிக்க வேண்டும். "ஏறிப் போறாரு, வலது கார்னர்ல கால விட்டுப் பாக்குறாரு, தொட்டாச்சா, தொட்டாச்சு, பிடி, பிடி, விட்ராதீங்க, கோடு, கோட்டத் தொட்டுட்டாருய்யா!" என்று மூச்சுவிடாமல் போவார். கையில் குறிப்புத் தாள் கிடையாது, காதில் யாரும் புள்ளிவிவரம் ஓதுவதில்லை.

இதைவிடக் கடினமான வேலை ஒன்று அந்த மைக்கில் இருக்கிறது. வெளியே தெரியாது. யார் பெயரை முதலில் வாசிப்பது? எந்த நாட்டாமைக்கு 'உயர்திரு' போடுவது? தெருவின் பெயரைச் சேர்த்து அணியின் பெயரைச் சொன்னால் அது சாதி அறிவிப்பாகிவிடும், சொல்லாமல் விட்டால் எங்கள் பெயரை ஏன் விழுங்கினாய் என்று சண்டை வரும். 1995 கொடியங்குளம் முதல் அந்தப் பத்தாண்டுகளின் பிற்பகுதி முழுக்கத் தென்மாவட்டங்கள் எப்படி எரிந்தன என்பதை அனுபவித்தவர்கள் இன்னும் இந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பேருந்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்கே கலவரம் வந்த பகுதி இது. கடைசியில் 1997-ல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்தது. அப்படிப்பட்ட ஊரில் நள்ளிரவு இரண்டு மணிக்கு, சந்தேகமான ஒரு பிடியை நடுவர் ஒரு பக்கமாகத் தீர்த்த அந்த நொடியில், ஒரு சொல்லும் தவறாமல், கூட்டத்தைச் சிரிக்க வைத்து அடுத்த ரைடுக்கு நகர்த்துகிற மைக்காரரின் அறிவுக்கு என்ன பெயர்? நம் தெருக்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பகலில் பெயின்ட் அடிக்கிறார்கள், மில்லுக்குப் போகிறார்கள். நம் தெரு நடத்தும் ஆட்டத்தில் அவர்கள் மைக் பிடிக்கிறார்கள். ஊர் நடத்தும் ஆட்டத்தில் அந்த மைக் எளிதில் நம் பக்கம் வருவதில்லை.

கபடி ஆடுகளத்தின் கதை இப்போது கொஞ்சம் வெளியே கேட்கிறது. மணத்தி கணேசனின் வாழ்க்கையை அடியாகக் கொண்டு மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' 2025 அக்டோபரில் வந்தது. அதே மாதம் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். சென்னை நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களைக் கொண்டுபோய் வைத்த இடம் கண்ணகி நகர். கேமராக்கள் அங்கே போயின. வறுமையைக் காட்டின, தாயின் கண்ணீரைக் காட்டின. அந்த மக்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று எத்தனை விளையாட்டு நிகழ்ச்சிகள் கேட்டன? சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-ல் இந்தியாவுக்கு ஆடியபோதும் இதே வகைக் கதைதான் சொன்னார்கள். ஏழ்மை, உழைப்பு, வெற்றி. நல்ல கதை. ஆனால் கேள்வி இல்லாத கதை.

ஒரு வர்ணனையாளர் என்ன செய்ய முடியும் என்பதற்கு மைக்கேல் ஹோல்டிங்கைப் பாருங்கள். 2020 ஜூலை 8, சவுத்தாம்ப்டன். இங்கிலாந்து, மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்டின் முதல் நாள் மழையில் நின்றது. வழக்கமாக அந்த நேரத்தில் பழைய ஆட்டங்களைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். ஹோல்டிங்கும் எபனி ரெயின்ஃபோர்ட்-பிரென்ட்டும் நேரலையில் இனவெறி பற்றிப் பேசினார்கள். கறுப்பர்களின் சாதனையை வரலாற்றுப் பாடம் எப்படி அழித்தது என்று ஹோல்டிங் சொன்னார். மறுநாள் தன் பெற்றோர் பட்டதைச் சொல்லும்போது உடைந்து அழுதார். பிறகு புத்தகம் எழுதினார். சரியாக ஓராண்டு கழித்துத்தான் சேப்பாக்கம் வர்ணனையில் நாம் தொடக்கத்தில் பார்த்த அந்தப் பதில் வந்தது. இரண்டு பேருமே மைக்கில் தங்கள் பிறப்பைப் பற்றித்தான் பேசினார்கள்.

மாணவர்களின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். தொலைக்காட்சியில் இரண்டு வகைக் குரல்கள் உண்டு. பந்துக்குப் பந்து, ரைடுக்கு ரைடு ஆட்டத்தை நடத்திச் செல்பவர் ஒருவர். ஏன் அப்படி நடந்தது என்று விளக்குபவர் இன்னொருவர். விளக்குபவர் இடம் பெரும்பாலும் முன்னாள் வீரர்களுக்கே. நடத்திச் செல்பவர் இடத்துக்கு வீரராக இருந்தாக வேண்டியதில்லை. நம்மவர்கள் குறிவைக்க வேண்டியது முதலில் இந்த இடத்தை. பிராந்திய மொழி வர்ணனை பெரும்பாலும் மைதானத்தில் நடப்பதில்லை, ஸ்டூடியோவில் திரையைப் பார்த்துச் சொல்வது. காதில் தயாரிப்பாளரின் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே பேசப் பழக வேண்டும். வானொலிக்காரர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், தொலைக்காட்சிக்காரர் படம் காட்டுவதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. வீட்டில் சத்தத்தை அணைத்துவிட்டு ஓர் ஆட்டத்துக்குப் பேசிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு. ஸ்கோரர், புள்ளிவிவரம் எடுப்பவர், ரீப்ளே இயக்குபவர், எழுதித் தருபவர் என்று திரைக்குப் பின்னால் பலர் வேலை செய்கிறார்கள். முகம் கேட்காத வேலைகள். அங்கே நுழைந்து மைக்கை நோக்கி நகரலாம். கபடி ஆட்டங்களை யூடியூபில் நேரலை செய்யும் பையன்கள் இப்போது நிறைய. நம் மைக்காரர்களை அந்த நேரலைகளில் உட்கார வைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இதெல்லாம் தனி ஆள் ஏறும் படிகள். கூட்டாகக் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. 2007 சட்டப்படி தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். பிரசார் பாரதி பொது அமைப்பு, தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. தனியாரைக் கேட்க முடியாததை அங்கே கேட்கலாம். எங்கள் குழு ஒரு மனு தயாரித்திருக்கிறது. சென்னை வானொலியிலும் தமிழ்த் தூர்தர்ஷனிலும் விளையாட்டு வர்ணனையாளர் பட்டியலில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள் எத்தனை பேர்? கடைசியாகக் குரல் தேர்வு எப்போது நடந்தது, அதற்கான அறிவிப்பு எந்தப் பத்திரிகையில் வந்தது? கபடி, சிலம்பம் போன்ற ஆட்டங்களுக்குத் தமிழ் வர்ணனையாளர் பட்டியல் தனியாக இருக்கிறதா? இதே கேள்விகளை ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.